இடம் வாங்கும் முன்னே மண்ணைப் பாருங்க!



குழுக் கடன், சேமிப்பு, கழுத்து நகை எல்லாத்தையும் சேர்த்துத்தான் நம்மில் பலர் மூணு சென்ட், அஞ்சு சென்ட் இடம் வாங்குகிறோம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று பார்க்கிறோம். ஆனால் வீட்டைத் தாங்கப்போகிற மண்ணைப் பார்க்கிறோமா?

நம்ம மாவட்டத்து மண்

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் அதிகம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் செவல் அதிகம். ஒரே ஊரிலேயே மேற்கே செவக்காடும் கிழக்கே கரிசக்காடும் இருக்கும். அதனால் ஊர்ப் பேரை வைத்து மண்ணை முடிவு பண்ணக்கூடாது.

கரிசலில் களி அதிகம். மழை பெய்தால் தண்ணியைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே வீடு இருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் தூக்கும், ஒரு பக்கம் இறங்கும். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். மழைக்காலத்தில் கதவு சாத்த முடியாது. கொத்தனார் சரியில்லை, வாஸ்து சரியில்லை என்கிறோம். பல வீடுகளில் காரணம் மண்தான்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. இடத்தை இரண்டு தடவை பாருங்க. சித்திரையில் வெடிப்பு தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணி தேங்குவது தெரியும்.

2. பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்க. கிணத்துத் தண்ணி நல்ல தண்ணியா, உப்பா என்று அங்கேயே கேளுங்க.

3. ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்க. அறுபடாமல் கயிறு மாதிரி நீண்டால் களி அதிகம். பொலபொலவென உதிர்ந்தால் மணல் அதிகம்.

4. உரிமையாளர் சம்மதத்தோடு ஒரு ஆள் ஆழம் குழி தோண்டிப் பாருங்க. கரிசல் எத்தனை அடி, சுக்கான் அல்லது சரளை எங்கே வருகிறது என்று தெரியும்.

5. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டு விவரம் கேளுங்க. நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பது அதில் இருக்கும். 'மண் வயனமும் ரகமும்' என்று தனிக் கட்டமே உண்டு. கண்மாய், ஓடைப் புறம்போக்கு என்றால் ஒதுங்கிவிடுங்க.

6. சிவகாசி, சாத்தூர் பக்கம் என்றால் அருகில் பட்டாசு ஆலை, மருந்து கிட்டங்கி இருக்கிறதா என்று விசாரியுங்க. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள், வீடுகளுக்கும் இவற்றுக்கும் இடையே பாதுகாப்பு தூரம் கேட்கின்றன. விலை குறைவு என்று ஏமாற வேண்டாம்.

வீடு கட்டும்போது

கரிசலில் மேலாக அஸ்திவாரம் போடக்கூடாது. களியைத் தாண்டி, கெட்டியான சரளை அல்லது சுக்கான் வரை போக வேண்டும். களி ரொம்ப ஆழம் என்றால், ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. அடியில் குமிழ் மாதிரி அகன்ற கான்கிரீட் தூண்களைச் சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, மேலே பீம் கட்டுவார்கள். அந்த ஆழத்தில் ஈரம் அதிகம் மாறாது, அதனால் மண்ணும் அசையாது. பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்க. அஸ்திவாரச் செலவு கூடும் என்பதால், கடன் கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

குளியலறைத் தண்ணியைச் சுவரோரம் விடாதீங்க. சுவரை ஒட்டிப் பெரிய மரமும் வேண்டாம். வேர் ஈரத்தை உறிஞ்சினால் அந்தப் பக்கம் மண் சுருங்கும்.

தோட்டம் போட

கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பருத்தி, உளுந்து, மல்லி, மிளகாய்க்கு ஏற்றது. செவலில் தண்ணி சீக்கிரம் இறங்கும். நிலக்கடலை, கொய்யா நல்லா வரும். செவலுக்குக் கண்மாய் வண்டல் நல்ல மருந்து. அதை எடுக்க அனுமதி வேண்டும். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். பட்டாசுக் கழிவு கொட்டிய, எரித்த இடத்தில் மட்டும் கீரை, காய்கறி போடாதீங்க.

மண் பரிசோதனைக்கு, நிலத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கி, ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுங்க. எருக்குழி, வரப்பு, மரநிழல் வேண்டாம். எல்லாத்தையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ துணிப்பையில் போட்டு, வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு அனுப்புங்க. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய மண்வள அட்டை இந்தச் சோதனைக்குத்தான். உவரா, களரா, எந்தச் சத்து குறைவு என்று அதில் தெரியும்.

அடுத்த குழுக் கூட்டத்தில், இடம் வாங்கக் கடன் கேட்கும் உறுப்பினரிடம் பத்திர நகலோடு, "மண் பார்த்தாச்சா?" என்ற கேள்வியையும் கேளுங்க. தீர்மான நோட்டிலும் எழுதுங்க. வட்டி கட்டப்போவது நாம்தான். விரிசல் விழும் வீட்டுக்கு வட்டி கட்ட வேண்டாமே!