தனி வீட்டில் வலிப்பு நோயுடன் வாழ்வோருக்கு

ஏற்காடு வட்டத்து வாழவந்தி போன்ற மலைச்சிற்றூரில், பிள்ளைகள் சேலத்திற்கோ திருப்பூருக்கோ வேலைக்குச் சென்றபின் வீட்டில் ஒருவர் மட்டும் எஞ்சியிருப்பது இன்று அரிதன்று. அவருக்கு வலிப்பு நோயும் இருக்குமாயின், "கீழே வந்து எங்களோடு இருங்கள்" என்று குடும்பத்தார் வற்புறுத்துவர். அவர்களது அச்சம் நியாயமானதே. ஆயினும் வலிப்பு உடையவர் தனியே வாழவே கூடாது என்பதில்லை. உரிய மருத்துவம் கிடைத்தால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வலிப்பு முற்றிலும் அடங்காதவர்களும் வீட்டைச் சிறிது மாற்றியமைத்தால் பல விபத்துகளைத் தவிர்க்கலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது அடுப்பு. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கிவிடும். அந்நேரத்தில் எதன்மேல் விழுகிறோம் என்பதே கேடு விளைவிக்கிறது. தீயில் கை பட்டால் வெடுக்கென இழுத்துக்கொள்ளும் உணர்வு அப்போது இராது. எனவேதான் இவர்களுக்கு ஏற்படும் தீக்காயங்கள் ஆழமாக அமைகின்றன. தரையில் அமர்ந்து எரிக்கும் விறகடுப்பைக் கைவிடுங்கள். மேடைமேல் எரிவாயு அடுப்பு இருப்பின், சுவரை ஒட்டிய பின்பக்க அடுப்பில் சமையுங்கள். மின்தூண்டல் அடுப்பு இன்னும் நல்லது. கொதிக்கும் கஞ்சியை வடிப்பது மிகவும் இடர் நிறைந்த வேலை. வடித்த சோற்றின் சுவை குக்கர் சோற்றுக்கு வராது என்பார்கள். அந்தச் சுவையை மகன், மகள் வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். சூடான பாத்திரத்தைத் தூக்கிச் செல்லாமல், தட்டை அடுப்பருகே கொண்டுசென்று பரிமாறிக்கொள்ளுங்கள். மார்கழிக் குளிரில் கணப்பின் அருகே தனியே அமர வேண்டாம்; கம்பளி போதும்.

அடுத்தது தண்ணீர். ஓடையிலும் கிணற்றடியிலும் தனியே குளிப்பதை அறவே தவிர்க்க வேண்டும். ஆழம் குறைந்த நீரும் ஆபத்தானதே. முகம் நீரில் கவிழ்ந்தால் ஒரு வாளித் தண்ணீரும் மூச்சை அடைத்துவிடும். முக்காலியில் அமர்ந்து, பாதி நிரம்பிய வாளியிலிருந்து மொண்டு குளியுங்கள். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம். கதவு வெளிப்புறம் திறக்குமாறு இருந்தால், உள்ளே விழுந்தவரின் உடல் கதவை அடைத்துக்கொள்ளாது.

மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறும் வேலையை மற்றவரிடம் விட்டுவிடுங்கள். வாகனம் ஓட்டுவதும் அவ்வாறே. ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தில் வலிப்பு உண்டா என்ற கேள்வியே இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சேலம் சாலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரை தவறுவதே வலிப்பு மீண்டும் வருவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. மழையில் பேருந்து நின்றுபோகும் நாளையும் எண்ணி, ஒரு வாரத்திற்குரிய மாத்திரைகளை எப்போதும் கூடுதலாக வைத்திருங்கள். ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக இரட்டிப்பாக விழுங்காதீர்கள். திருவிழாக்காலக் கண்விழிப்பு, பட்டினி, மது ஆகியவையும் வலிப்பைத் தூண்டக்கூடும்.

ஒரு கசப்பான உண்மையையும் மறைப்பதற்கில்லை. வலிப்பு நோயாளருள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 பேரில் ஒருவர், பெரும்பாலும் உறக்கத்தில், எதிர்பாராத வகையில் இறக்கின்றார். உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு அடங்காதிருப்போருக்கே இந்த ஆபத்து மிகுதி. மாத்திரையைத் தவறாது உட்கொள்ள இதைவிட வலுவான காரணம் வேறில்லை. தாழ்வான கட்டிலில் படுங்கள், குப்புறப் படுக்காதீர்கள். இரவில் வலிப்பு வந்ததற்கான அறிகுறிகள், கடிபட்ட நாக்கு, நனைந்த படுக்கை, காரணமறியாத உடல்வலி போன்றவை, தென்பட்டால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

இவையனைத்தையும்விடக் கடினமானது அண்டை வீட்டாரிடம் நோயைச் சொல்வது. வலிப்பு நோயைத் திருமணத்திற்குத் தடையாக வைத்திருந்த சட்டப்பிரிவே 1999ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. ஆகவே மறைக்கும் பழக்கம் எளிதில் போகாது. ஆனால் மறைத்தால், விழுந்து கிடக்கும் வேளையில் ஓடி வருபவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதோடு நின்றுவிடுவார். சாவியால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாக அடங்கும் நேரத்தில் சாவி கையில் இருந்திருக்கும், அவ்வளவே. செய்ய வேண்டியதை அவருக்கு முன்பே சொல்லிக் கொடுங்கள்: நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், தலைக்கடியில் மென்மையான துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், கைகால்களை அழுத்திப் பிடிக்கவோ, வாயில் எதையும் வைக்கவோ கூடாது, முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரும் தரக்கூடாது. 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும். மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரமாகும். அதற்கிடையே பயன்படுத்த மூக்கில் தெளிக்கும் மிடசோலம் மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டின் மாற்றுச் சாவி ஒன்று அந்த அண்டை வீட்டாரிடம் இருக்கட்டும். காலை 7 மணிக்குள் உங்கள் முன்கதவு திறக்கப்படாவிட்டால், அவர் வந்து குரல் கொடுக்க வேண்டும் என்று இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.