கற்பிட்டி மேசைக்கு ஏன் மரவிளிம்பு?

ஒருபக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. கற்பிட்டியின் ஈரக்காற்று பிளைவுட் மேசையின் வெட்டிய விளிம்பு வழியே எளிதில் உள்ளே நுழையும். மேலே ஒட்டிய வினியரும் ஒரு மில்லிமீற்றர்கூட இராது, உரசினால் பெயரும். அதனால்தான் விளிம்பில் தேக்குச் சட்டம்.

ஈரத்தில் அந்தச் சட்டம் பருக்காதா? பருக்கும், ஆனால் குறுக்காக. பச்சைத் தேக்கு முற்றாகக் காயும்போது வளர்ச்சி வளையப் போக்கில் 5% அளவுக்குச் சுருங்கும். நீளத்தில் 1%கூட இல்லை. தாள்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் பிளைவுட்டும் அதிகம் அசையாது. ஆகவே மர இழை விளிம்போடு ஓடினால் முழு நீளத்துக்கும் பசை தடவலாம். சட்டம் ஒடுக்கமாக இருக்கட்டும். அகலமானால் மூலைப் பொருத்து வாய் பிளக்கும். இரும்பாணி வேண்டவே வேண்டாம், உப்புக்காற்றில் துருவேறி மரத்தையும் கறையாக்கும். கிளாம்பு போதும். சட்டத்தை மயிரிழை உயர்த்தி ஒட்டி, காய்ந்தபின் கவனமாகச் சீவுங்கள். வினியர் தேய்ந்துபோனால் திரும்ப வராது.