மாடி வார்க்க மூன்று கொட்டேஷன்: ஓர் அங்குலத்தின் விலை என்ன?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கல்யாணத்தில் கணக்குத் தப்பினால் கடனோடு போயிற்று. கான்கிரீட்டில் கணக்குத் தப்பினால் அது தலைக்கு மேலேயே நிற்கும். நாலைந்து இடவப்பாதி மழை கழிந்து, கூரையில் ஈரம் பூத்து, கம்பி துருவேறிக் காரை பெயரும்போதுதான் விஷயம் வெளியே வரும். அப்போது கொட்டேஷன் கொடுத்தவரும் இருக்க மாட்டார், கொட்டேஷன் தாளும் இருக்காது.

திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை, கோட்டை ஆகிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வசித்து வருகின்றன. பழைய ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு மாடி வார்க்க வேண்டும் என்பது பல வீடுகளில் நெடுநாள் ஆசை. வேலைக்கு வரும் மேஸ்திரிகளிலும் கொத்தனார்களிலும் களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள் உண்டு. ஆகவே கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே தமிழர் என்பது பல இடங்களில் சகஜம். இருவருக்கும் மனஸ்தாபம் வருவதும் சகஜம்தான். காரணம் பெரும்பாலும் ஒன்றே: கொட்டேஷனில் விலை இருக்கிறது, அளவு இல்லை.

இந்த ஊரில் 'கொட்டேஷன்' என்றால் அடியாள் அமர்த்துவது என்று இன்னொரு அர்த்தமும் உண்டு. இங்கே சொல்ல வந்தது அதுவல்ல. ஆனாலும் அளவில்லாத விலைத் தாளும் ஒருவகையில் அடிதான்!

மூன்று தாள்கள்

கரமனைப் பக்கம் ஒருவர் 1,000 சதுர அடிக்கு மாடி வார்க்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்கிறார். முதல் தாளில் ஒரே வரி: சாமான், கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு. இரண்டாவது தாளில் கூலி மட்டும். சாமான் வீட்டுக்காரர் பொறுப்பு. மூன்றாவது தாள் இரண்டு பக்கம் ஓடுகிறது. கன அடி, கிலோ, சதுர அடி என்று தனித்தனியே எழுதி, கடைசியில் மொத்தம் போட்டிருக்கிறது. எல்லாவற்றிலும் மலிவு முதல் தாள்தான்.

"என்ன மேஸ்திரி, அவர் ரெண்டு பக்கம் எழுதியிருக்கார். நீங்க ஒரு வரியில முடிச்சுட்டீங்களே?"

"எத்தனை பக்கம் எழுதினாலும் வார்ப்பு வார்ப்புதானே சாரே!"

வார்ப்பு எல்லாம் ஒரே வார்ப்பு அல்ல. சதுர அடி என்பது நீளமும் அகலமும் மட்டும். கான்கிரீட்டுக்குக் கனம் உண்டு. அதன் விலை அந்தக் கனத்தில்தான் இருக்கிறது.

மூன்று அளவுகள்

கான்கிரீட் வேலையை மதிப்பிடுகிறவர்கள் அதை மூன்றாகப் பிரித்துத்தான் அளக்கிறார்கள். கலவை, கன அளவில். கம்பி, கிலோ கணக்கில். தட்டடிப்பது எனப்படும் சென்ட்ரிங், கலவை தொடும் பரப்பளவில். அளவெடுக்கும் முறைக்கென்றே ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. கம்பி அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கான்கிரீட் கணக்கிலிருந்து கழிக்கக் கூடாது என்பது வரை அதில் விதி உண்டு.

சர்க்கார் வேலையிலும் இதே முறைதான். கேரளப் பொதுப்பணித் துறை, மத்தியப் பொதுப்பணித் துறையின் டில்லி விலைப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு எஸ்டிமேட் தயாரிக்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு சாமான், இவ்வளவு ஆள்கூலி என்று எழுதி, தண்ணீருக்கு 1 சதவீதமும், காண்டிராக்டரின் மேல்செலவுக்கும் லாபத்துக்குமாக 15 சதவீதமும் சேர்க்கிறார்கள். லாபத்தை ஒளிக்காமல் எழுதுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. லாபம் எழுதப்படாத தாளில், அது வேறு எங்கோ ஒளிந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

மூட்டைக் கணக்கு

இப்போது அந்த 1,000 சதுர அடியைக் கணக்குப் பார்க்கலாம். கனம் 5 அங்குலம் என்றால் சுமார் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். கலவை 1:1½:3, அதாவது எம் 20. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இதற்குக் குறைந்த தரம் ஆகாது என்கிறது 2000ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456.

சிமெண்டும் மணலும் ஜல்லியும் தண்ணீரோடு சேர்ந்தால் சுருங்கும். 100 கன அடி வார்ப்புக்கு உலர்ந்த சாமான் சுமார் 154 கன அடி வேண்டும். அதை 5½ பங்காக்கினால் சிமெண்ட் 28 கன அடி. மூட்டை ஒன்றுக்குச் சுமார் 1¼ கன அடி என்பதால் இது ஏறக்குறைய 23 மூட்டை. அதோடு மணல் 42 கன அடி, இங்கே மெட்டல் என்று சொல்லும் ஜல்லி 84 கன அடி. இந்தக் கணக்கில் முழு மாடிக்கும் சிமெண்ட் 95 மூட்டை, மணல் 175 கன அடி, ஜல்லி 350 கன அடி.

கம்பிக்கு ஒரு சுலப வழி உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 395 கிராம், 10 மி.மீ. 617 கிராம். கம்பி கட்டும் இடைவெளி தெரிந்தால் வீட்டுக்காரரே நோட்டில் போட்டுப் பார்க்கலாம்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

மலிவான தாளில் சிமெண்ட் கம்பெனி விலையைக் குறைப்பதில்லை. கம்பி வியாபாரியும் குறைப்பதில்லை. குறைவது அளவுதான்.

5 அங்குலம் 4 அங்குலமானால் சிமெண்ட் 76 மூட்டையோடு முடிந்துவிடும். 19 மூட்டை மிச்சம். கலவையை 1:2:4 ஆக்கினால் 95 என்பது 75 ஆகும். இரண்டையும் செய்தால் 60 மூட்டையில் மாடி எழும்பிவிடும். மூட்டை 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், மிச்சமான 35 மூட்டைக்கு 14,000 ரூபாய். கம்பியில் 8 மி.மீ. கம்பியை 5 அங்குலத்துக்கு ஒன்று என்பதற்குப் பதில் 6 அங்குலத்துக்கு ஒன்று கட்டினால், ஒரு திசையில் மட்டும் 48 கிலோ மிச்சம்.

ஒரே ஓர் அங்குலம்தானே என்று நினைக்கலாம். 5 அங்குலம் 4 ஆகும்போது தளத்தின் விறைப்பு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. வார்ப்பு முடிந்து பூச்சும் ஆன பிறகு இந்த அங்குலத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது வெகு கஷ்டம்.

விடுபட்டுப் போகும் அளவுகளும் உண்டு. தளத்துக்குக் கீழே தொங்கும் பீம் சதுர அடிக் கணக்கில் வராது. 9 அங்குல அகலம், 9 அங்குலத் தொங்கல், 60 அடி நீளம் என்றால் அதுவே சுமார் 34 கன அடி. சிமெண்ட் 8 மூட்டை. சன்ஷேடும் மாடிப்படியும் இப்படித்தான். "அது கொட்டேஷனில் சேராது" என்ற பேச்சு பாதி வேலையில்தான் காதில் விழும்.

சந்தும் மழையும்

அளவு சரியாக இருந்தாலும் இடம் பார்க்காமல் விலை சொல்லக் கூடாது. லாரி வாசலுக்கு வருமா, தெருமுனையிலேயே நின்றுவிடுமா என்பது பெரிய கேள்வி. தெருமுனையிலிருந்து ஜல்லியைச் சுமக்க ஆறு ஆள் கூடுதலாக வேண்டுமென்றால், ஆளுக்கு 900 ரூபாய் வைத்தாலும் ஒரே நாளில் 5,400 ரூபாய். தளத்தை நடுவில் நிறுத்தாமல் ஒரே நாளில் வார்த்து முடிக்க வேண்டும் என்பதால் ஆளைக் குறைக்கவும் வழியில்லை.

ஏற்றிறக்குக் கூலி கேரளத்துக்கே உரிய ஓர் இனம். 1978ஆம் ஆண்டின் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் அமலில் உள்ள பகுதிகளில் பதிவு பெற்ற தொழிலாளருக்கு நிர்ணயித்த கூலி உண்டு. வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்கு வாங்கிய 'நோக்குகூலி'யை 2018 மே 1 முதல் கேரள அரசு ஒழித்துவிட்டது. ஏற்றிறக்குக் கூலி யார் பொறுப்பு என்பதைக் கொட்டேஷனில் ஒரு வரியாவது எழுதிவிடுவது நல்லது.

கூலி விஷயத்திலும் ஊர் வித்தியாசம் உண்டு. ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரப்படி 2021-22ல் கிராமப்புறக் கட்டிடத் தொழிலாளரின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 837 ரூபாய். தமிழ்நாட்டில் 478 ரூபாய். அகில இந்தியச் சராசரி 373 ரூபாய். ஊர்க் கூலியை மனதில் வைத்து இங்கே விலை சொன்ன மேஸ்திரி அகப்பட்டுக்கொள்வது இதனால்தான். கூலிக் காண்டிராக்ட் எடுத்தவருக்கு மழை இன்னொரு சத்துரு. தட்டடித்து, கம்பி கட்டி முடித்த நேரத்தில் மூன்று நாள் மழை பிடித்தால், சென்ட்ரிங் தகட்டு வாடகையும் முட்டு வாடகையும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆளுக்குச் சாப்பாடும் போட வேண்டும். இந்த நஷ்டத்தை மேஸ்திரி எங்கே ஈடுகட்டுவார்? ஒன்று கூட வந்தவர்களின் கூலியில், அல்லது கலவையில். மேஸ்திரியை நெருக்கி விலை குறைத்து வாங்கிய வீட்டுக்காரர் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வார். அவர் நிற்பது தம்முடைய நஷ்டத்தின் அடியில்தான்.

முட்டு எடுக்கும் நாளும் விலையில் சேரும். 4½ மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்குச் சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாள், அதற்கு மேற்பட்டால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்கிறது விதி. சாம்பல் கலந்த சிமெண்டுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். வாடகையை மிச்சம் பிடிக்க முன்னதாக முட்டை உருவினால், தளம் தொய்ந்த பிறகு எந்தப் பூச்சும் அதை நிமிர்த்தாது.

பேக்கர் காட்டிய வழி

அப்படியானால் செலவைக் குறைக்க நேர்மையான வழியே இல்லையா? உண்டு. அதைக் காட்டியவர் இந்த ஊரிலேயே வாழ்ந்து மறைந்தவர்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1917ல் பிறந்த லாரி பேக்கர், திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு 2007 ஏப்ரல் 1ந் தேதி இங்கேயே காலமானார். தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே வட்ட வட்டமாக ஏறிச் செல்லும் இந்தியன் காபி ஹவுஸ் அவருடைய வேலை. உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையமும் அவர் கட்டியதே. அவர் காண்டிராக்டரை வைத்துக்கொள்ளாமல், கொத்தனார்களோடு நேரில் நின்று வேலை வாங்கியவர்.

கான்கிரீட்டை அவர் பார்த்த விதம் வேறு. தளம் பாரம் தாங்கும்போது அதன் மேல்பாகம் அழுந்துகிறது, கீழ்பாகம் இழுபடுகிறது. இழுவையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு நடுவே கீழ்ப்பக்கம் கிடக்கும் கான்கிரீட் பாரம் சுமப்பதில்லை. வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாக வைத்து, மேலே வார்த்தார் பேக்கர். ஃபில்லர் ஸ்லாப் என்பது இதுதான்.

தளத்தின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கை ஓடு எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், 417 கன அடியில் 83 கன அடி குறையும். சிமெண்டில் மிச்சம் 19 மூட்டை. ஓர் அங்குலத்தைத் திருடிய கணக்கிலும் இதே 19 மூட்டைதான்! அங்கே தளம் மெலிந்தது. இங்கே கனம் 5 அங்குலம் அப்படியே நிற்கிறது, பாரமும் குறைகிறது. அங்கே வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போயிற்று. இங்கே படத்திலேயே வரைந்து, கணக்கில் எழுதிச் செய்கிறார்கள். கம்பி இடைவெளியை எஞ்சினீயரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

குறைக்க வேண்டியதைக் காகிதத்தில் குறைக்க வேண்டும். வார்ப்பு நாளில் அல்ல.

கையெழுத்துக்கு முன்

தாளில் கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்காரர் சில கேள்விகள் கேட்டால் போதும். கனம் எத்தனை அங்குலம்? கலவை என்ன, பெட்டியில் அளப்பார்களா, சட்டியில் அள்ளுவார்களா? மூட்டைக்குத் தண்ணீர் 30 லிட்டரைத் தாண்டாதா? கம்பி எத்தனை மி.மீ., எத்தனை அங்குலத்துக்கு ஒன்று? பீமும் சன்ஷேடும் சேர்த்தியா? முட்டு எத்தனை நாள்? தளத்தில் தண்ணீர் கட்டி நனைப்பது யார்? இந்த விலை எந்தத் தேதி வரை?

கடைசிக் கேள்வியும் சாதாரணமல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் விலை பேசி, பின்பு வார்த்தவர்களில் தாளில் தேதியும் வரியும் தனியே எழுதியிருந்தவர்களால்தான் அந்த வித்தியாசத்தைக் கேட்க முடிந்தது.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிய மூன்று தாள்களை அருகருகே வைத்தால், எது மலிவு என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். நல்ல மேஸ்திரி இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அளவு எழுதிய தாள் வீட்டுக்காரருக்கு எவ்வளவு காவலோ, வியர்வை சிந்தும் அவருக்கும் அவ்வளவு காவல். வார்ப்பு நாளன்று ஓர் அங்குலப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தட்டின் மேல் ஏறுகிற வீட்டுக்காரரைப் பார்த்து, "வாங்க சாரே, அளந்து பாருங்க" என்று சொல்கிற மேஸ்திரி கிடைத்தால், சதுர அடிக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.