சிப்பிக்கும் ஒரு கிரிவலம்! ஓட்டின் ஓரத்தை அளந்து விஞ்ஞானிகள் தேடுவது என்ன?

கோடையில் ஏரி வற்றினால் சேற்றில் சிப்பி ஓடுகள் கிடக்கும். திருவண்ணாமலை வேங்கிக்கால் மாதிரி ஏரி இருக்கிற ஊர்களில் வளர்ந்தவர்கள் சின்ன வயசில் அதைப் பொறுக்கி விளையாடியிருப்பார்கள். பத்து ஓடுகளை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று குட்டையாக இருக்கும், ஒன்று நீளமாக இருக்கும், இன்னொன்று ஒரு பக்கம் லேசாக வளைந்திருக்கும்.

இதெல்லாம் வேற வேற இனமா? இல்லை, ஒரே இனம்தான், வளர்ந்த இடம்தான் வேறயா? கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு உதவுவதுதான் 'வெளிக்கோட்டு வடிவப் பகுப்பாய்வு'. பெயர்தான் பெருசு, விஷயம் எளிமையானது. விரிவாகப் பார்க்கலாம்.

குமரிக் கடலில் நடந்த குழப்பம்

கன்னியாகுமரி மாவட்டக் கடலோரப் பாறைகளில் பழுப்பு நிறச் சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வளரும். மூச்சுப் பிடித்து மூழ்கி இதை எடுத்து விற்பது அங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. பக்கத்துக் கேரளாவில் இதன் பெயர் கல்லுமக்காய்.

1976-ல் குரியகோஸ், நாயர் என்ற இரு ஆய்வாளர்கள், உருவ அடையாளங்களை வைத்து இது ஒரு புதிய இனம் என்று அறிவித்தார்கள். வைத்த பெயர் 'பெர்னா இண்டிகா'. பெயரிலேயே இந்தியா! சுமார் 40 வருஷம் அப்படித்தான் அழைக்கப்பட்டது.

2016-ல் வந்த ஓர் ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. நியூசிலாந்து ஆய்வாளருடன் தூத்துக்குடி ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு அது. இது தனி இனமே இல்லை, 'பெர்னா பெர்னா' என்ற ஏற்கெனவே தெரிந்த இனம்தான், ஓமன் பகுதியில் இருந்து 100 வருஷத்துக்கும் முன்பே இங்கே வந்து சேர்ந்தது என்பது அதன் முடிவு.

பெயர் மாறினால் என்ன என்கிறீர்களா? நம் கடலில் மட்டுமே இருக்கும் இனம் என்றால் அழியாமல் காக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தது என்றால் மற்ற உயிர்களின் இடத்தைப் பிடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இரண்டும் வேற வேற வேலை.

நீளம், அகலம் அளந்தால் போதாதா?

போதாது. நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் இரண்டு ஓடுகளில், நடுவில் இருக்கும் வளைவு மாறலாம். உயரமும் எடையும் ஒன்றாக இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே முகமா இருக்கிறது? மீன் என்றால் கண், துடுப்பு என்று குறித்துக்கொள்ள இடங்கள் உண்டு. சிப்பியின் ஓரமோ வழுவழுவென்று ஓடும் ஒரே கோடு. அதனால் அந்தக் கோட்டையே முழுசாக அளக்கிறார்கள்.

எப்படி அளக்கிறார்கள்?

கிரிவலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய இடத்தில் இருந்து சுமார் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வருகிறோம். போனில் ஜிபிஎஸ் ஓடினால் நாம் நடந்த பாதை ஒரு மூடிய கோடாகப் பதிவாகும். சிப்பியிலும் இதேதான்.

1. ஓட்டைப் படுக்க வைத்து, நேர் மேலிருந்து போட்டோ எடுப்பார்கள்.
2. கம்ப்யூட்டர் ஓட்டின் ஓரத்தைச் சுற்றி வந்து, நூற்றுக்கணக்கான புள்ளிகளாகக் குறித்துக்கொள்ளும்.
3. அந்தக் கோட்டைப் பல நீள்வட்டங்களின் கூட்டாகப் பிரிக்கும்.

மூன்றாவதுதான் சூட்சுமம். ஒரு பெரிய நீள்வட்டத்தில் ஒரு புள்ளி ஒரு சுற்று சுற்றுகிறது. அந்தப் புள்ளியை மையமாக வைத்து இன்னொரு நீள்வட்டம், அதே நேரத்தில் இரண்டு சுற்று. அதன் மேல் இன்னொன்று, மூன்று சுற்று. இப்படி அடுக்கிக்கொண்டே போனால் சிப்பியின் உருவம் அப்படியே வந்துவிடும். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822-ல் வெப்பத்தைப் பற்றி எழுதிய நூலில் இருந்து வளர்ந்த கணக்கு இது. மூடிய கோடுகளுக்கு ஏற்றபடி 1982-ல் கூல், ஜியார்டினா என்ற இருவர் இதை வடிவமைத்தார்கள்.

ஒவ்வொரு நீள்வட்டத்துக்கும் 4 எண்கள். பத்து நீள்வட்டம் என்றால் 40 எண்கள். சிப்பி பெரியதோ சிறியதோ, போட்டோவில் சாய்ந்திருக்கிறதோ, அந்த வித்தியாசத்தை எல்லாம் கணக்கிலேயே நீக்கிவிடலாம். மிச்சம் இருப்பது வடிவம் மட்டும்தான்.

இதில் என்ன தெரியவந்தது?

2018-ல் வெளியான ஓர் ஆய்வு, வட அட்லாண்டிக், ஆர்க்டிக் பகுதிகளின் 3,980 கிலோமீட்டர் கடற்கரையில் நீலச் சிப்பிகளை இந்த முறையில் ஒப்பிட்டது. வெப்பம், உப்பு, உணவு ஆகியவற்றில் ஓட்டின் வடிவத்தை அதிகம் மாற்றியது எது தெரியுமா? தண்ணீரில் இருக்கும் உப்பின் அளவு!

அப்போ வடிவம் பார்த்தாலே இனம் தெரிந்துவிடுமா?

இல்லை. நெருக்கியடித்து வளர்ந்தாலே சிப்பி மெலிந்து நீண்டுவிடும். வேறு தண்ணீர் என்றால் வேறு உருவம். அதனால் வடிவம் ஒரு சாட்சி, டிஎன்ஏ இன்னொரு சாட்சி. இரண்டையும் சேர்த்து விசாரித்தால்தான் தீர்ப்பு சரியாக இருக்கும். குமரிச் சிப்பி சொல்லும் பாடமும் அதுதான்.

ஆனாலும் இந்த முறைக்குப் பெரிய செலவில்லை. கேமராவும் இலவச மென்பொருளும் போதும். அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய ஓட்டைக்கூட உடைக்காமல் அளக்கலாம்.

அடுத்த தடவை ஏரிக்கரையில் ஓடுகளைப் பார்த்தால், வரிசையாக வைத்து ஒரு போட்டோ எடுங்கள். மூடியிருக்கும் சிப்பியை மட்டும் எடுக்காதீர்கள். அது உயிரோடு இருக்கலாம். நம் ஏரித் தண்ணீரை வடிகட்டிக் கொடுப்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது.