தன் ஆட்களுக்குப் பயப்படும் தலைவர்

மடுல்சீமை பஜாரில் சாயத்தண்ணி குடிக்க உட்கார்ந்தால் உலக அரசியல் தானாக வந்து சேரும். கொழும்பிலிருந்து லீவில் வந்திருக்கும் தம்பிமார் போனை நீட்டிக் கேட்கிறார்கள்: “அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்காரர் சிலர் எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சிக்காரருக்குத்தான் பயப்படுகிறார்களாமே, ஏன் அண்ணே?” ஆற அமரச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

அங்கே தேர்தலுக்கு முன்னால் இன்னொரு தேர்தல் உண்டு. கட்சி வேட்பாளர் யார் என்பதைத் தலைவர் முடிவு செய்வதில்லை. பல மாநிலங்களில் அந்தக் கட்சிக்காரராகப் பதிந்துகொண்டவர்களே வாக்குப் போட்டு முடிவு செய்கிறார்கள். இந்த முதற்சுற்றுக்கு வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களில் கொள்கைச் சூடு கூடியவர்களே அதிகம்.

2021 ஜனவரியில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்த பிறகு, டிரம்ப் மீது குற்றஞ்சாட்டும் தீர்மானத்தை அவருடைய கட்சியிலேயே 10 பிரதிநிதிகள் ஆதரித்தார்கள். 2022 தேர்தலில் 4 பேர் போட்டியிடாமல் ஒதுங்கினார்கள், 4 பேர் முதற்சுற்றிலேயே தோற்றார்கள். மிஞ்சியவர்கள் இருவர். தோற்றவர்களில் ஒருவரான லிஸ் செனியை மிதவாதி என்றுகூடச் சொல்ல முடியாது. வரி, இராணுவம் இரண்டிலும் கட்சியின் பழமைவாதத்தை விட்டு விலகாதவர், முன்னாள் துணை ஜனாதிபதியின் மகள். அந்த ஒரு வாக்குக்காக வயோமிங் மாநிலத்தில் அவரை எதிர்த்து நின்றவருக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தது.

துரையோடு பேசிக் கொழுந்துக் கிலோக் கணக்கை முடித்துக்கொண்டு, மறுநாள் காலை பெரட்டுக்கு வருகிற தோட்டத் தலைவரை நினைத்துப் பாருங்கள். துரையால் அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்க முடியாது. பெரட்டில் நிற்கிறவர்களால் முடியும்.

நம் நாட்டில் அப்படி ஒரு முதற்சுற்று இல்லை. ஆனாலும் இதே கதை இங்கே 1958இல் நடந்தது. அதில் மலையக மக்களின் விஷயமும் இருந்தது. பண்டா–செல்வா ஒப்பந்தத்தை வடக்கு கிழக்கின் கதையாக மட்டும் நம் பிள்ளைகள் படிப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஒக்ஸ்போர்டில் படித்தவர். 1926இல் இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சிதான் பொருத்தம் என்று பத்திரிகையில் கட்டுரைகள் எழுதியவர். அதே மனிதர் 1956இல் தனிச் சிங்களம் என்ற கோஷத்தோடு ஆட்சிக்கு வந்தார். அவரைத் தூக்கி வந்தவர்கள் பிக்குகளும் கிராமத்து ஆசிரியர்களும் சிங்கள வைத்தியர்களும். மொழிச் சட்டத்தில் தமிழுக்குச் சிறு சலுகை சேர்க்கப் பார்த்ததும், பேராதனை விரிவுரையாளர் எஃப்.ஆர். ஜயசூரிய நாடாளுமன்ற வாசலில் உண்ணாவிரதம் இருந்தார். சலுகை போய்விட்டது. இது பண்டாரநாயக்கவின் முதல் பின்வாங்கல்.

1957 ஜூலை 26ஆம் திகதி அவர் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். வடக்கு கிழக்கில் பிரதேச சபைகள், அங்கே நிர்வாகத்துக்குத் தமிழ், குடியேற்றத்தில் சபைகளுக்கு அதிகாரம். இவற்றோடு இந்திய வம்சாவளி மக்களின் பிரஜாவுரிமை பற்றியும் தமிழரசுக் கட்சி வற்புறுத்தியது. அதை விரைவில் கவனிப்பதாகப் பிரதமர் சொன்னதும் அதிலே பதிவானது. தமிழரசுக் கட்சி பிறந்ததே, நம் மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தவர்களோடு ஜி.ஜி. பொன்னம்பலம் மந்திரிசபையில் சேர்ந்த பிளவில்தான். செல்வநாயகம் நம்மை மறக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒக்டோபரில் ஜே.ஆர். ஜயவர்தன ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்குக் கால்நடையாகக் கிளம்பினார். இம்புல்கொடையில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். எதிர்க்கட்சியை அப்படித் தடுக்க முடிந்தது. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி ரோஸ்மீட் பிளேஸில் பிரதமர் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்த பிக்குகளை யார் தடுப்பது? அவர்கள் அவருக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர்கள். ஒப்பந்தத்தைக் கைவிடுவதாக அவர் வெளியே வந்து சொன்னார். வாய்ப்பேச்சு போதாது, எழுதித் தா என்றார்கள். எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் நாட்டின் பல இடங்களில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1959 செப்டெம்பரில் ஒரு பிக்கு சுட்டு அவர் இறந்தார். சதிக்குத் தண்டிக்கப்பட்ட மப்பிட்டிகம புத்தரக்கித்த, 1956இல் அவரை வெல்ல வைத்தவர்களில் முக்கியமானவர்.

பண்டாரநாயக்க கோழையா? நான் அப்படிப் பார்க்கவில்லை. அவருக்கு வேறு பக்கத்திலிருந்து தாங்கிப் பிடிக்க வாக்கு இல்லை. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்துத் தொண்டமானையும் சி.வி. வேலுப்பிள்ளையையும் இன்னும் சிலரையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தமும் வந்தன. 1952இல் அவர்கள் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஒருவர்கூட இல்லை. தோட்டங்களில் ஆட்கள் இருந்தார்கள், இடாப்பில் பெயர் இல்லை. அதனால் மலைநாட்டுத் தொகுதிகளில் நிற்கிறவர் லயத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. 1956இல் நம் ஊவாவின் வெலிமடையிலிருந்து போனவர் கே.எம்.பி. ராஜரத்ன. தமிழருக்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்பதில் அவரைவிடக் கடுமையானவர்கள் குறைவு. சுற்றிவரத் தேயிலை, கொழுந்து பறிக்கிற தமிழர். ஆனால் அவருக்கு அதனால் ஒரு வாக்கும் குறையப் போவதில்லை. இப்படி வெறும் கையோடு நிற்கிறவர்களின் விஷயத்தைத்தான் நெருக்கடியில் ஒரு தலைவர் முதலில் கைவிடுவார்.

விரைவில் கவனிப்பதாகச் சொன்ன விஷயம் 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமாக வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, 150,000 பேரின் கதி பிறகு. நம்மில் யாரிடமும் கேட்கவில்லை. ஒப்பாரிக் கோச்சியில் சனம் தலைமன்னார் போனதைப் பெரியவர்கள் இன்னும் சொல்லி அழுகிறார்கள்.

திரும்ப அமெரிக்காவுக்கு வருவோம். அந்த 10 பேரில் தப்பிய இருவரும் கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலத்தவர்கள். அங்கே முதற்சுற்றில் எல்லாக் கட்சி வேட்பாளரும் ஒரே சீட்டில்; எல்லாரும் வாக்களிக்கலாம். அது எல்லாரையும் காப்பாற்றவில்லை. அதே வாஷிங்டனில் இன்னொருவர் தோற்றார். அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி 2010இல் கட்சிக்குள் தோற்ற பிறகும், வாக்காளர் சீட்டில் தன் பெயரைக் கையால் எழுதச் சொல்லியே செனட்டுக்குத் திரும்பிப் போனார். 2022இல் நம் ஜனாதிபதித் தேர்தல் போல 1, 2, 3 என்று விருப்பு இடுகிற முறையில் மறுபடி வென்றார். தன் கட்சிக்காரர் கைவிட்டபோது மற்றவர்களின் வாக்கு அவரைத் தாங்கியது.

1988, 2003 சட்டங்களுக்குப் பிறகு நம் பெயரும் இடாப்பில் ஏறிவிட்டது. பதுளை மாவட்டத்துக்கு 9 உறுப்பினர்கள், ஒவ்வொருவர் கையிலும் 3 விருப்பு வாக்கு. ஆகவே தம்பிமாரே, லயத்துக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் காணியும் வீடும் தருவதாகச் சொல்லும்போது, அவர் கட்சிக்காரரே அதை எதிர்த்தால் என்ன செய்வார் என்று அந்த இடத்திலேயே கேளுங்கள்.