சரிந்த கேக்கும் தம்பி சொன்ன தூணும்



நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். கணவருக்கு விசைத்தறியில் வேலை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று சின்ன அவன் ஒன்று வாங்கி, வீட்டிலேயே கேக் செய்யப் பழகினேன். நன்றாக வந்தது. தெருவிலும் நாலு பேர் பாராட்ட, எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப் போனது.

போன சித்திரையில் புளியங்குடியில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்கு முதல் பிறந்தநாள். "மதினி, நீங்களே ரெண்டடுக்கு கேக் செஞ்சு கொண்டாந்துருங்க" என்றாள். நானும் கீழே பெரிய கேக், அதன் தலைமேல் சின்ன கேக் என்று வைத்து, கிரீம் பூசி, ரோஜாப்பூ போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினேன்.

பாதி வழியிலேயே கீழ் கேக் வயிறு பிதுங்க ஆரம்பித்துவிட்டது. வெயிலில் கிரீம் வழுக்க, வேகத்தடையில் ஆட்டோ தூக்கிப் போட, மேல் கேக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பதறிப்போய் நாத்தனார் வீட்டு வாசலில் ஈர்க்குச்சியை ஒடித்து நாலு இடத்தில் குத்தி முட்டுக் கொடுத்தேன். மெழுகுவர்த்தி ஏற்றுகிற நேரத்தில் எல்லாம் சேர்ந்து சரிந்தது. சம்பந்தி வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அதுகூடப் பெரிசில்லை. கேக் சாப்பிட்ட ஒரு சின்னப் பிள்ளை திடீரென்று முகத்தைச் சுளித்தது. என் மாமியார் ஓடிப்போய் அதன் வாயில் விரலை விட்டு ஒரு துண்டு ஈர்க்குச்சியை எடுத்தார். எனக்கு உசிரு போய் வந்தது. "ஏட்டி, இந்த வேண்டாத வேலை இனிமே வேண்டாம்" என்றார் அத்தை. நான் பதில் பேசவில்லை. இரண்டு மாதம் அவனைத் தொடவே இல்லை.

என் தம்பி கொத்தனார். ஆடித்தபசுக்கு வந்தவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "யக்கா, தூணே இல்லாம மாடி கட்டுனா நிக்குமா?" என்று கேட்டான். அவன் விளக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் வீட்டு டிபன் கேரியரையே பாருங்களேன். மேல் கிண்ணத்தின் பாரம் கீழ்க் கிண்ணத்துச் சாம்பார் மேலா உட்காருகிறது? கிண்ணத்தின் விளிம்பு அல்லவா தாங்குகிறது! கேக்கும் அப்படித்தான். மேல் கேக்கின் பாரம் கீழ் கேக்கின் மேல் இறங்கக் கூடாது. குச்சி வழியாக அடிப்பலகைக்குப் போய்விட வேண்டும்.

மாமனாருக்கு ஆவணியில் அறுபதாம் கல்யாணம் வந்தது. பயந்துகொண்டே, "அத்தை, முட்டை போடாம ஒரு ரெண்டடுக்கு கேக் செய்யட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "குச்சி கிச்சி பிள்ளைக வாயில போச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன். இனி செய்த முறையைச் சொல்கிறேன்.

கீழே 10 அங்குல கேக், மேலே 6 அங்குல கேக். கீழ் கேக்குக்கு வளையாத கனமான பலகை. மேல் கேக்கின் அடியில் அதே 6 அங்குலத்துக்குக் கெட்டியான கேக் அட்டை. இந்த அட்டை இல்லாவிட்டால் குச்சிகள் மேல் கேக்கைப் பொத்துக்கொண்டு போய்விடும். இரண்டையும் தனித்தனியாகப் பூசி, முதல் நாள் இரவே பிரிட்ஜில் வைத்துவிட்டேன். குளிர்ந்து இறுகிய கேக்தான் கை பட்டாலும் கலையாது. நம் ஊர் வெயிலுக்கு வெறும் விப்பிங் கிரீம் தாங்காது. 2 பங்கு டார்க் சாக்லேட்டுக்கு 1 பங்கு கிரீம் என்று உருக்கிக் கலந்து ஆறவைத்துப் பூசினேன். கெட்டியாக நின்றது. வெள்ளைச் சாக்லேட் என்றால் 3 பங்கு வேண்டும்.

அடுத்தது தூண். கேக் சாமான் விற்கும் கடையில் 'டவல்' என்று கேட்டால் மரக்குச்சி தருவார்கள். (டவல் என்றதும் நானும் முதலில் துண்டு என்றுதான் நினைத்தேன்!) கீழ் கேக்கின் நடுவில் 6 அங்குல அட்டையை லேசாக அழுத்தி எடுத்தால் வட்டம் பதியும். அந்த வட்டத்துக்குள், ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, சம இடைவெளியில் 5 குச்சிகள். கேக் எங்கே அதிக உயரமோ அங்கே முதல் குச்சியை அடிப்பலகை தொடும் வரை இறக்கி, மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து உருவி, அந்த அளவுக்கே ஐந்தையும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக அளந்தீர்களோ, மேல் கேக் கோணிக்கொள்ளும். வெட்டிய முனையை உப்புத்தாளால் தேய்த்து, கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் செருகினேன். தம்பி விளையாட்டாகத் தன் ரசமட்டத்தைத் துடைத்துக் கொண்டுவந்து, குச்சிகளின் தலைமேல் அட்டையைப் போட்டு அதன்மேல் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது!

கொஞ்சம் உருக்கிய சாக்லேட்டைப் பசையாகத் தடவி, மேல் கேக்கை அட்டையோடு இறக்கினேன். வெளியூருக்குக் கொண்டுபோவதானால் அடுக்கிக் கொண்டுபோக வேண்டாம். தனித்தனிப் பெட்டியில், மடியிலோ சாய்ந்த சீட்டிலோ வைக்காமல், வண்டியின் சமமான தரையில் வைத்துக் கொண்டுபோய் அங்கே அடுக்குவதே நல்லது. மூன்றடுக்கு என்றால், அட்டைகளின் நடுவில் முன்பே ஓட்டை போட்டு, மேலிருந்து அடிவரை நீளக் குச்சி ஒன்றையும் இறக்கினால் அசையாது.

இன்னொரு யோசனை. இலங்கையில் கல்யாண கேக் அலங்காரத்துக்குத் தனியாக நிற்கும், விருந்தாளிகளுக்குச் சின்னப் பெட்டியில் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். அதுபோல நாமும் மேலடுக்குக்குத் தெர்மகோல் வைத்து அலங்கரித்தால் செலவும் குறைவு, பாரமும் குறைவு. வெட்டும்போது மட்டும் அதைத் தனியாக எடுத்துவிட மறக்கக் கூடாது. 1947-ல் எலிசபெத் ராணியின் கல்யாணத்துக்கு நாலடுக்கில் 9 அடி உயரத்துக்குக் கேக் செய்தார்களாம். எடை 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ! எங்கள் ஊர்க் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம், எத்தனை அடுக்கானாலும் அடித்தளம் சரியாக இருந்தால் நிற்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அறுபதாம் கல்யாணத்தன்று கேக் அசையாமல் நின்றது. மாமனாரும் மாமியாரும் வெட்கப்பட்டுக்கொண்டே வெட்டினார்கள். மேல் கேக்கை அட்டையோடு எடுத்து வைத்ததும், நான் குச்சிகளை உருவ ஆரம்பித்தேன். பக்கத்தில் அத்தை ஒரு தட்டை ஏந்தியபடி நின்றார். "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணிக்கொண்டே வந்து, "அஞ்சும் வந்துட்டா? இனி பிள்ளைகளுக்குக் குடு" என்றார். தட்டைக் கழுவ எடுத்துப் போகும்போது, "அடுத்த வருசம் புளியங்குடிக்கும் நீயே செஞ்சு கொண்டு போ" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சகோதரிகளே, நீங்களும் செய்து பாருங்கள். ஈர்க்குச்சி, பல்குத்தி, ஊதுபத்திக் குச்சி எதையும் கேக்கில் குத்தாதீர்கள். எத்தனை குச்சி செருகினோம் என்பதை ஒரு தாளில் எழுதிவைத்து, அத்தனையும் வெளியே வந்த பிறகே பரிமாறுங்கள்.

- ஒரு வாசகி, சங்கரன்கோவில்.