மாலையில் சரியும் இமை

"கண்ணாடி மாற்றியும் இரண்டாகத்தான் தெரிகிறது தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. காலையில் பார்வை நன்றாக இருக்கும். மாலையில் ஸ்கூட்டரில் திரும்பும்போது இடது இமை சரியும், எதிரே வரும் பஸ் இரண்டாகும். ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்றாகிவிடும். தூங்கி எழுந்தால் பழையபடி சரி. இந்த ஏற்ற இறக்கம்தான் நோயின் அடையாளம். பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். அமிதாப் பச்சனுக்கும் 1980களில் வந்ததுதான்.

நரம்பின் நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம், தசையிலுள்ள ஏற்பிகளில் பட்டால்தான் தசை அசையும். இந்நோயில் நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்த ஏற்பிகளை அழிக்கிறது. பெரும்பாலோருக்கு முதலில் களைப்பது கண்ணும் இமையும்தான். பக்கவாட்டில் திரும்பத் தொடங்கும் விழி பாதியில் துவண்டு நிற்கும். கீழே பார்த்துவிட்டு நேரே பார்த்தால், இமை ஒரு கணம் துள்ளி உயர்ந்து பிறகு சரியும். கண்மணி மட்டும் வெளிச்சத்துக்கு வழக்கம்போலச் சுருங்கும்.

நம் தீவுக்காரர்களுக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. அந்தமானுக்கே உரிய நாகமும் கட்டுவிரியனும் இங்கே இருக்கின்றன. நாகம், கட்டுவிரியன் இனங்களின் விஷம் தாக்குவதும் நரம்பும் தசையும் சேரும் இதே இடத்தைத்தான். கடிபட்டவருக்கும் முதலில் இமைதான் சரியும். ஆனால் அது சில மணி நேரத்தில் வருவது, மயஸ்தீனியா மெல்ல வருவது. இரவு நன்றாகப் படுத்தவர் விடிகாலையில் இமை திறக்க முடியாமல் எழுந்தால், கடித்த தடம் தேடி நேரத்தைக் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், நோயின் மர்மத்தை அவிழ்க்க உதவியதும் கட்டுவிரியன்தான். 1963இல் தைவானில் சாங், லீ இருவரும் அந்நாட்டுக் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து ஒரு நச்சைப் பிரித்தார்கள். ஏற்பியை இறுகப் பற்றும் அதைக் கொண்டே, நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் குறைந்திருப்பதை 1973இல் அமெரிக்காவில் கண்டார்கள். அந்த ஆய்வுக் கட்டுரையில் ஃபாம்ப்ரோ, டிராக்மன் பெயர்களோடு சத்தியமூர்த்தி என்ற பெயரையும் பார்த்ததில் எனக்கொரு சின்ன சந்தோஷம்.

சோதனைகளில் ஒன்று மிக எளிது. மூடிய இமைமேல் டாக்டர் இரண்டு நிமிடம் ஐஸ் வைப்பார். இமை உயர்ந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு ரத்தப் பரிசோதனை, நரம்புப் பரிசோதனை, மார்பில் தைமஸ் சுரப்பிக்கு ஸ்கேன். பைரிடோஸ்டிக்மின் மாத்திரையில் பலருக்கு நல்ல குணம் தெரிகிறது; அண்ணாச்சிக்கும் தெரிந்தது. சிலருக்கு ஸ்டீராய்டும் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும்.

வேறு எந்த வைத்தியத்துக்குப் போனாலும் இந்நோய் இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் பலவீனத்தை அதிகமாக்கலாம். பேச்சு மூக்கால் வந்தாலோ, சோறு விழுங்கும்போது புரையேறினாலோ, மூச்சு வாங்கினாலோ, சென்னைக் கப்பலுக்குக் காத்திராமல் அன்றே இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.